சுமைகூலி முக்கால் பணம்

காலையிலிருந்து செர்வா நான்கு முறை கணக்குப் போட்டுவிட்டாள். நான்கு முறையும் நான்கு விடை. முதல் விடைப்படி அவள் பணக்காரி ஆகிவிடுவாள். இரண்டாவதின்படி எப்படியோ பிழைத்துக்கொள்வாள். மூன்றாவதும் நான்காவதும் கடையையே விழுங்கிவிடும். கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அக்கா, விரிப்பெல்லாம் காஞ்சிருச்சு. எங்க வைக்கட்டும்?" என்று கொல்லையிலிருந்து டூஃபியே குரல் கொடுத்தாள்.

"என் தலைமேல வை."

"அங்க ஏற்கெனவே கவலை ஒக்காந்திருக்கே அக்கா!"

குமாசியில், பன்டாமா கடைத்தெருவில், 'கர்த்தரின் நேரமே நல்ல நேரம் சலவையகம்' என்று போர்டு மாட்டி செர்வா பத்து வருடமாகத் தொழில் நடத்துகிறாள். வார நாட்களில் ஊர்க்காரர்களின் சட்டை, சனிக்கிழமை சாவு வீட்டுக்குக் கறுப்பும் சிவப்பும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வெள்ளை. சாவும் ஞாயிறும் இருக்கும்வரை சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று நிம்மதியாக இருந்தவள்தான். விதி விட்டதா? விமான நிலையச் சாலையில் இருக்கும் பெரிய ஹோட்டலின் மானேஜர் ஓபெங் ஒருநாள் வந்து, "எங்க விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாத்தையும் மொத்தமா உங்ககிட்டயே குடுத்துடறோம்மா. ஒரு வருஷ ஒப்பந்தம்" என்றார்.

மொத்த வேலைக்கு மொத்த விலை. கடைக்கு வருகிறவர்களிடம் அந்த ஊர்ப் பணத்தில் பத்து சிடி வாங்கும் விரிப்புக்கு ஹோட்டல் தருவது நாலே சிடி. இரண்டு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை கையெழுத்து. கையெழுத்தானால் பெரிய வாஷிங் மெஷின் தவணையில் வரும். தவணைக்கு ஜாமீன், அவள் கணவன் அன்ட்வி ஆள் ஏற்றி ஓட்டும் ட்ரோட்ரோ வேன். துணி ஒருநாள் தாமதமானாலும் அபராதம் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வேறு.

ஆகவே, அந்த நாலு சிடியில் ஆள் கூலி எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். சோப்புக்கு ரசீது இருக்கிறது. தண்ணீருக்கு மீட்டர் இருக்கிறது. போக்குவா, டூஃபியே, மான்சா என்ற மூன்று பெண்களுக்கும் எங்கே மீட்டர் வைப்பது? மூன்று பேரும் தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்து, கடைக்குப் பின்னால் இருக்கும் அறையிலேயே தங்கி வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் செர்வாதான், கண்ணீர் வந்தாலும் செர்வாதான்.

மதியம் சாப்பிட வந்த அன்ட்வி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"ஒரு விரிப்பு தேய்க்க எவ்வளவு நேரம்னு பாத்துப் பெருக்கிட்டியா? வண்டி ஓடற நேரத்தை மட்டும் கணக்குப் பண்ணா இந்த ஊர்ல எல்லா டிரைவரும் கோடீஸ்வரன்டி. ஸ்டாண்டுல ஆள் ரொம்பற வரைக்கும் நிக்கறோமே, அதுக்கு யார் அப்பன் குடுப்பான்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"உன் பொண்ணுங்க தேய்க்கற நேரம் மட்டுமா கூலி? துணிய எண்றது, பிரிக்கறது, கொடியில போடறது, மழை வந்தா அள்ளிக்கிட்டு ஓடறது, கரண்டு போனா கன்னத்துல கை வச்சு ஒக்காந்திருக்கறது, பக்கத்துக் கடைக்கு வாச்சே வாங்கப் போயி ஊர்க்கதை பேசறது... எல்லாம் உன் காசு."

செர்வா, அரிசியும் பயறுமாக இருந்த வாச்சேத் தட்டைத் தள்ளி வைத்தாள். "உங்க வேனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.

"நான் வேனைப் பத்திக் கேக்கவே இல்லையே?"

"கேக்கல. ஆனா ஒவ்வொரு வாய்க்கும் ஒருதரம் வெளிய எட்டிப் பாக்கறீங்க."

அன்றே போனில் நேரம் பார்க்கும் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு இஸ்திரி மேஜைக்கு எதிரில் போய் நின்றாள். போக்குவாவின் கையில் இஸ்திரிப்பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். அந்தத் தெருவிலேயே அவளைப்போல் வேகமாகத் தேய்ப்பவர் கிடையாது. அன்று என்னவோ ஒவ்வொரு சுருக்கத்தையும் குசலம் விசாரித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"ஏன்டி இப்படி நகர்ற? நேத்து காத்தாப் பறந்தியே!"

"இன்னிக்குப் பறந்தா அதையே எழுதிக்குவீங்க அக்கா. அப்புறம் நான் சாகற வரைக்கும் பறக்கணும்."

டூஃபியே குளியலறைக்குப் போய்விட்டு வந்து, "இது கணக்குல உண்டா அக்கா?" என்று கேட்டாள். உண்டு என்றதும் மறுபடியும் போனாள். மான்சா பயந்த சுபாவம். எண்கள் ஓடுவதைப் பார்த்து அவளும் ஓடினாள். "நேரம் போகுதே, நேரம் போகுதே" என்று முனகியபடியே அடுத்த விரிப்பை எடுக்கத் திரும்பியவள், இஸ்திரிப்பெட்டியை முந்தைய விரிப்பின் மேலேயே விட்டுவிட்டாள். வெள்ளை வெளேரென்ற துணியில் பெட்டியின் வடிவத்திலேயே ஒரு பழுப்பு முத்திரை விழுந்தது.

அன்றைய கணக்கில் ஒரு விரிப்புக்கு ஆள் கூலி மட்டும் ஐந்து சிடி வந்தது. வரவு நாலு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். செர்வா விஷயத்தில் சுண்டைக்காயும் கருகிவிட்டது.

யோசித்து யோசித்து, மறுநாள் புதுச் சட்டம் கொண்டுவந்தாள். "இனிமே நேரத்துக்குக் கூலி கிடையாது. உருப்படிக்கு இத்தனை காசு. யார் எத்தனை தேய்ச்சாலும் அவங்க காசு அவங்களுக்கு."

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தலையணை உறையும் ஒரு உருப்படிதானே அக்கா?" என்று கேட்டாள் டூஃபியே.

"ஆமா, எல்லாம் உருப்படிதான்" என்று சொல்லிவிட்டாள் செர்வா. சொல்லும்போது அதிலிருந்த ஓட்டை அவளுக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்குக் கடையில் ஒரு தலையணை உறைகூடக் கண்ணில் படவில்லை. மான்சா ஒரு குவியலின் மேல் உட்கார்ந்திருந்தாள். டூஃபியே தன் பங்கை அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். போக்குவா இருவரையும் திருடிகள் என்று திட்டிக்கொண்டே தலையணை உறை தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈர விரிப்புகளைச் சீந்த ஆளில்லை. கூடையில் கிடந்து புளித்த கெங்கே சோள மாவு மாதிரி வாடை வீசத் தொடங்கியது. எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டும்.

மாலையில் எண்ணிப் பார்த்துவிட்டு செர்வா தலையில் கைவைத்தாள்.

"அடிப்பாவிகளா! ஹோட்டல்ல இருக்கற தலையணையை விட நீங்க தேய்ச்ச உறை அதிகமா இருக்கு! எப்படிடீ?"

டூஃபியே கூரையைப் பார்த்தாள். "சிலது திரும்பக் கசங்கிருச்சு அக்கா. திரும்பத் தேய்ச்சேன்."

"தானா கசங்குச்சா, கசக்கினியா?"

இதற்குப் பதில் வருவதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. மறுநாள் சவ அடக்கம். கறுப்புச் சிவப்புத் துணிகளை வாங்கிப்போக ஒரு குடும்பமே வந்து நின்றது. அந்தத் துணிகள் இன்னும் சுருட்டியபடியே மூலையில் கிடந்தன. உருப்படிக் கணக்கில் அவற்றை யார் தொடுவார்கள்? குடும்பத்துப் பெரியவர் கத்திய கத்தலில் எதிர்க்கடை ரேடியோ அடங்கிப்போனது.

"எங்க சித்தப்பா ரெண்டு மாசமா சவக்கிடங்குல பொறுமையா படுத்திருக்காரு. நாளைக்கு அவரை அனுப்பி வைக்கணும். நாங்க என்ன, உங்க ஹோட்டல் துண்டைக் கட்டிக்கிட்டா போறது?"

செர்வாவே நின்று தேய்த்துக் கொடுத்தாள். பாதியில் மின்சாரம் போய்விட்டது. கரிப்பெட்டியைப் பற்றவைத்து, கண் எரியத் தேய்த்து முடித்தபோது முழங்கைக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. இத்தனைக்கும் நடுவே மனசின் ஒரு மூலை, 'இந்த நேரத்தை யார் கணக்கில் எழுதுவது?' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. உருப்படிச் சட்டம் அன்றோடு செத்தது.

வேறு வழியில்லாமல் ஓபெங்குக்குப் போன் செய்தாள். விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்பதாகத்தான் திட்டம். பேச்சு அந்தப் பக்கமே போகவில்லை.

"விலை அதேதாம்மா. எனக்குச் சந்தேகமெல்லாம், உங்களால செய்ய முடியுமாங்கறதுதான். போன தடவை விரிப்புல ஒரு வாடை. ஒண்ணுல பெரிய தீப்புண்ணு! நான் எங்க ஆள் ஒருத்தரை அனுப்பறேன். நாலஞ்சு நாள் ஒக்காந்து பாக்கட்டும். அமைதியா வருவாரு. நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க, விசேஷமா ஒண்ணும் பண்ண வேண்டாம். அவரு சரின்னா வெள்ளிக்கிழமை கையெழுத்து."

திங்கட்கிழமை காலை அந்த ஆள் வந்தார்.

நல்ல உயரம். அறுபதைத் தாண்டிய வயது. இடது தோளில் போட்ட துணி ஒரு மடிப்புக் கலையாமல், காலில் கறுப்புச் செருப்பு, கையில் ஒரு குடை. வாசலில் நின்று எல்லோருக்கும் வலமிருந்து இடமாக வணக்கம் சொன்னார். செர்வா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்தார்.

அடுத்து அவள் என்ன சொல்ல வேண்டும் என்று அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். 'இங்கே எல்லாம் அமைதி. நீங்க வந்த சேதி என்ன?' என்று வீட்டுக்காரர் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் வந்தவர் வாயைத் திறப்பார். கேட்காமல் தானாகச் சேதி சொல்வது வளர்ப்புச் சரியில்லாதவர்கள் செய்கிற காரியம்.

செர்வா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். அமைதியாக வருவார், விசேஷமாக ஒன்றும் பண்ண வேண்டாம் என்று ஓபெங் சொன்னாரே! வேவு பார்க்க வந்தவரிடம் போய் 'எதுக்கு வந்தீங்க' என்று கேட்டால் என்ன நினைப்பார்? மடியில் கனம் என்றுதானே? அவள் ஒரு புன்னகையை மட்டும் கொடுத்துவிட்டு உள்ளே நழுவினாள். பெரியவர் புருவத்தை லேசாக உயர்த்தினார். பிறகு குடையை மடியில் வைத்துக்கொண்டு, இஸ்திரி மேஜைப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"யாரு அக்கா அது?" என்று கிசுகிசுத்தாள் மான்சா.

"யாரா இருந்தா என்ன? நீங்க வேலை செய்யறதைப் பாக்க வந்திருக்காரு. அவர் கண்ணுல நல்லபடியாப் படணும். இல்லேன்னா நான் நடுத்தெரு, நீங்க உங்க ஊர் பஸ்ஸு. புரிஞ்சுதா?"

மதியம் பெரியவர் எழுந்து பக்கத்து வாச்சே கடைக்குப் போனார். அதை நடத்தும் அச்சியாவுக்குக் கரண்டி ஓடுவதைவிட வாய் வேகமாக ஓடும். அவர் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தபின், பெண்கள் மூவரும் அவசர அவசரமாக வாச்சே வாங்கப் போனார்கள். திரும்பி வந்தபோது மூன்று முகத்திலும் ஏதோ ஒரு களை. போக்குவா பாட்டு முணுமுணுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அச்சியாவே வந்துவிட்டாள். "செர்வா, அந்தப் பெரியவர் எதுக்கு வந்திருக்காருன்னு..."

"வாயை மூடு!" செர்வா அவள் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனாள். "எனக்கு எல்லாம் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாத. நான் உன் மூலமா விசாரிச்சேன்னு அவருக்குத் தெரிஞ்சா காரியம் கெட்டுப்போகும்."

"ஓகோ, உனக்குத் தெரியுமா? அப்ப சரி." அச்சியா கொஞ்சம் ஏமாற்றத்தோடு கையை விடுவித்துக்கொண்டாள். "நல்ல மனுஷன். உனக்கு அதிர்ஷ்டம்தான் போ."

செவ்வாய்க்கிழமை காலை செர்வா கடையைத் திறந்தபோது தன் கண்ணையே நம்பவில்லை. மூன்று பெண்களும் அவளுக்கு முன்பே எழுந்து, கடையைப் பெருக்கி, பெட்டியைச் சூடாக்கியிருந்தார்கள். போக்குவா தலைக்குப் புதிதாகப் பின்னல் போட்டிருந்தாள். மான்சாவின் உடுப்பில் கஞ்சி முடமுடத்தது. டூஃபியே உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள்.

'பயம் வந்தால் மனுஷன் எப்படித் திருந்திவிடுகிறான்!' என்று செர்வா நினைத்துக்கொண்டாள்.

அன்று விரிப்புகள் பறந்தன. போக்குவாவின் பெட்டி தரையில் கால் படாத ஆட்டக்காரி மாதிரி போயிற்று. மின்சாரம் போனதும் கன்னத்தில் கை வைக்க ஒருத்தியும் இல்லை. ஆளுக்கொரு கரிப்பெட்டியை விசிறிக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். கதை பேசவில்லை. குளியலறைக்கு ஓடவில்லை. பெரியவர் ஒரு தலையணை உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். "ம்ம்" என்றார். அந்த "ம்ம்"மில் செர்வாவின் உயிர் போய்த் திரும்பி வந்தது.

அன்றைய ஆள் கூலி, விரிப்புக்கு இரண்டு சிடி. நின்ற நேரம், எண்ணிய நேரம், எல்லாம் சேர்த்தே இரண்டு! செர்வா மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே இரண்டு. புதன்கிழமை அதைவிடக் கீழே இறங்கியது.

"மாமியார் வீட்டுக்குப் போன புதுசுல நீயும் இப்படித்தான் பாத்திரம் தேய்ச்ச" என்றான் அன்ட்வி, கணக்கைக் கேட்டுவிட்டு. "எத்தனை நாளைக்கு நிலைச்சுது?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

ஒரே ஒரு கவலை மட்டும் அவளை அரித்தது. பெரியவரின் பார்வை பெரும்பாலும் போக்குவா மேலேயே இருந்தது. ஒருத்தியை மட்டும் நம்பி நடக்கும் கடை என்று ஹோட்டலில் போய்ச் சொல்லிவிட்டால்? புதன்கிழமை மாலை அவரே பேச்சைத் தொடங்கியதும் செர்வா உஷாரானாள்.

"அந்தப் பின்னல் போட்ட பொண்ணு... எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கா?"

"நாலு வருஷம் ஐயா. தங்கம்!"

"காலையில நேரத்தோட எழுந்திரிப்பாளா?"

"சேவலை எழுப்பறதே அவதான்."

"கோபக்காரியோ?"

"சூடுங்கறது அவ பெட்டியில மட்டும்தான் ஐயா." சொல்லிவிட்டு செர்வா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "ஆனா ஐயா, நீங்க அவளை மட்டுமே பாக்கறீங்க. இந்த டூஃபியேவைப் பாருங்க. காசு விஷயத்துல புலி. ஒரு பைசா வீணாகாது. மான்சாவைப் பாருங்க, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. சொன்னா சொன்னபடி. உண்மையைச் சொல்லப்போனா, மூணு பேர்ல யார் ஒசத்தின்னு எனக்கே தெரியாது."

"அப்படியா?" பெரியவர் முதல்முறையாகக் குடையைக் கீழே வைத்தார். "மூணு பேருமேவா?"

"மூணு பேருமே! எந்த இடத்துல கொண்டுபோய் விட்டாலும் எனக்குக் கெட்ட பேர் வாங்கித் தர மாட்டாளுங்க. வேணும்னா நாளைக்கு மான்சாவைச் சூப் வைக்கச் சொல்றேன், சாப்பிட்டுப் பாருங்க."

வேலைக்கும் சூப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லி முடித்தபிறகுதான் அவளுக்கே தோன்றியது. பதற்றத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் வந்துவிட்டது. பெரியவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வியாழக்கிழமை மதியம் மான்சா கிழங்கை இடித்துச் செய்த ஃபூஃபூவையும் ஆட்டுக்கறிச் சூப்பையும் விரலை நக்கிச் சாப்பிட்டார். ஆட்டுக்கறிச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் செர்வா அதையும் ஆள் கூலியில் சேர்த்தாள். அப்படியும் லாபம் வந்தது.

அந்தத் துணிச்சலில் வியாழக்கிழமை மாலை அவள் இன்னொரு காரியமும் செய்தாள். சட்டையும் சாவுத் துணியுமாக வந்த பழைய வாடிக்கைக்காரர்களிடம், "இனிமே சில்லறை வேலை எடுக்கறதில்ல. கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி, எல்லோரையும் அடுத்த தெருக் கடைக்கு அனுப்பிவைத்தாள். மூன்று பெண்களின் முழு நேரமும் ஹோட்டலுக்கே என்றால்தான் கணக்கு உதைக்காமல் நிற்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெரியவர் வழக்கம்போல் காலையிலேயே வந்து நாற்காலியில் அமர்ந்துவிட்டார். அன்றைக்கு வேறு துணி, பளிச்சென்று. கையில் குடையோடு கனமான ஒரு பையும் இருந்தது. பத்து மணிக்கு ஓபெங்கின் கார் வந்து நின்றது. அவர் உள்ளே நுழைந்து, மூன்று பெண்களும் மேஜையில் சுழன்றுகொண்டிருந்த அழகைப் பார்த்து அசந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா இது! எங்க ஹோட்டல் ஆளுங்க பத்துப் பேர் சேர்ந்தாலும் இந்த வேகம் வராதே!"

"எல்லாம் கணக்குப் பண்ணிப் பாத்துட்டேன் சார். ஆள் கூலி பைசா சுத்தமா தெரியும்" என்றாள் செர்வா. அவள் குரலில் இருந்த பெருமிதம் அவளுக்கே புதுசாக இருந்தது.

"இதைவிட எனக்கு என்ன வேணும்?"

இஸ்திரி மேஜையின் ஓரத்திலேயே ஒப்பந்தத்தை விரித்தார்கள். செர்வா பேனாவை எடுத்தாள். ஒரு கணம் வெளியே நிற்கும் வேனைப் பார்த்தாள். வேனுக்குள் அன்ட்வி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் பக்கம் திரும்பினாள். அவர் வெகு திருப்தியாகத் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டாள். மெஷின் கடைக்காரனுக்கு ஓபெங் அங்கேயே போன் செய்தார். அன்ட்வி இறங்கி வந்து வேனின் பத்திரத்தை ஒரு பெருமூச்சோடு கொடுத்தான்.

காரில் ஏறி உட்கார்ந்த ஓபெங்கிடம் செர்வா நன்றி சொல்லக் குனிந்தாள். "உங்க ஆளுக்கும் ரொம்ப நன்றி சார். அஞ்சு நாளும் பொறுமையா ஒக்காந்து பாத்தாரு. ஒரு குறை சொல்லல."

"எங்க ஆளா?" ஓபெங் காரை உயிர்ப்பித்தார். "அவனுக்கு ஞாயித்துக்கிழமையே மலேரியா. படுத்த படுக்கையா கெடக்கான். அதனாலதானேம்மா நானே வந்தேன்?"

கார் போய்விட்டது.

செர்வா மெதுவாகத் திரும்பினாள். நாற்காலியில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி மேஜையில் மூன்று பெட்டிகளும் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சும்மா நின்றன. போக்குவா தரையைப் பார்த்தாள். டூஃபியே உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தாள். மான்சா ஒரு தலையணை உறையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செர்வா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கி, நிதானமாகக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"இங்க... இங்க எல்லாம் அமைதி ஐயா" என்றாள். "நீங்க வந்த சேதி என்ன?"

"அப்பாடா!" என்று பெரியவர் நெஞ்சில் கைவைத்தார். "அஞ்சு நாளா இதைக் கேப்பீங்க, கேப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேம்மா. நானும் கெட்ட சேதி கொண்டு வரல."

பையைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று ஷ்னாப்ஸ் மது பாட்டில்களை எடுத்து, ஈரம் காயாத ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். தோள் துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"இந்தப் பொண்ணுங்களுக்குத் தாய் ஸ்தானத்துல இருக்கறவங்க நீங்க, அதனால உங்க கதவைத்தான் முதல்ல தட்டறேன்: இத்தாலியில இருக்கற என் அக்கா மகன் ஒருத்தனுக்குப் பொண்ணு பாக்கத்தான் வந்தேன், நீங்க மூணு பேரையும் அவ்வளவு ஒசத்திச் சொன்னதைக் கேட்டு, அங்கயே இருக்கற மத்த ரெண்டு அக்கா மகனுங்களுக்கும் போன் பண்ணி டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டேன்."